பதினெட்டுக் கிலோ மெஷினும் அம்மாவின் கட்டிலும்

1

போன வாரம் வேலையிடத்தில் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே, கடலோரத்துச் சின்ன ஊரொன்றில் ஒரு முதியோர் இல்லத்து லோன்ட்ரியில் வேலை செய்கிறேன். பத்தொன்பது வருஷமாக அதே அறை. நாற்பது பேருடைய படுக்கை விரிப்பு, இரவு உடை, மேசைத் துணி எல்லாம் என் கையால்தான் மெஷினுக்குள் போகும், என் கையால்தான் மடிந்து மாடிக்குப் போகும். கேட்டவள் புதிதாகச் சேர்ந்தவள். நாலு பிள்ளைகளுக்குத் தாய். இல்லத்தில் ஒரு பழைய மெஷினைக் கழிக்கப் போகிறார்கள், கேட்டால் சும்மாவே தந்துவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. இவ்வளவு பெரிய மெஷின் வீட்டுக்குச் சரிவருமா?" என்று கேட்டாள்.

சாதாரணக் கேள்விதான். கறை போக்குவதிலிருந்து டிரம்மில் சிக்கிய காசை எடுப்பதுவரை அந்த இல்லத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் அன்றைக்கு எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அப்புறம் சொல்றேன்" என்று விரிப்பு மடிக்கத் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்குச் சொல்வதற்கு முன்னால், ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்வதுதான் முறை. உங்களில் சிலர் அந்த மாதிரி மெஷின் ஒன்றை என் தம்பி வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். சிலர் அதற்குத் தண்ணீர்கூடச் சுமந்திருக்கிறீர்கள். அது எனக்கு வெகுநாள் தெரியாது.

2

எங்கள் தோட்டம் இலங்கையில், கேகாலைப் பக்கம், புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. முக்கால்வாசி ரப்பர், மிச்சம் தேயிலை. தம்பி சிவா தோட்டத்து லொறியில் வேலை செய்கிறான். அவன் மனைவி பத்மா பால் வெட்டுகிறாள். விடியும்போதே மலைக்குப் போய், மரம் சீவி, சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரப் பதினொரு மணி ஆகும். லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அதற்கடுத்துப் படுக்க ஜன்னல் வைத்த ஒரு காம்பரா, பின்னால் சமைக்கக் குசினி. அவ்வளவுதான் வீடு.

அம்மாவும் அங்கேதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் இழுக்கும், ஆனால் புத்தி தெளிவு. முன் காம்பராவில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பாதை தெரியும், யார் டவுனுக்குப் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று தெரியும். படுத்துக்கொண்டே லயத்துச் செய்தி முழுவதையும் எனக்கு போனில் சொல்லுவாள்.

அம்மா படுக்கையை நனைத்துவிடுவாள். ஒரு நாளைக்கு இரண்டு தரம், சில நாள் மூன்று தரம். அந்த விரிப்புகளைப் பத்மா மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லில் அடித்துத் துவைப்பாள். ரப்பர் மலையிலிருந்து வந்த கையோடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பத்மா எனக்குத் தானாகவே போன் எடுத்தாள். அப்படி எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நான் எடுத்தால் பேசுவாள், அவ்வளவுதான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எங்கப்பாவுக்கு ரொம்ப முடியலங்கிறாங்க. தெரணியகலைக்குப் போயி ஒரு பத்து நாளு கூட இருந்துட்டு வரணும் போல இருக்கு. நீங்க ஒரு மாசம் லீவு போட்டு வந்துட்டுப் போனீங்கன்னா அத்தய விட்டுட்டு நான் போயிட்டு வருவேன்."

"லீவு கெடைக்கிறது கஷ்டம் பத்மா" என்றேன்.

பொய். லீவு இருந்தது. அந்த லீவுக்கு ஸ்பெயினுக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் போட்டிருந்தோம். மகள் ரேணு கடலைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாங்கள் இருப்பதே கடலோரத்தில்.

அவள் அடுத்து எதுவும் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அம்மா துணி தொவைக்கிறதுதானே ஒனக்குப் பெரிய பாடு?" என்று கேட்டேன்.

"அதுவுந்தான் அண்ணி" என்றாள்.

அந்த 'அதுவுந்தான்' என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் கேட்டது வேறு. எனக்கு வசதியாக இருந்தது இது.

3

அந்த மாதம்தான் இல்லத்தில் இரண்டு மெஷின்களை மாற்றினார்கள். கழித்தவற்றில் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. ஒரே தடவையில் பதினெட்டுக் கிலோ துணி பிடிக்கும். முப்பத்தைந்து நிமிஷத்தில் துவைத்துப் பிழிந்து தள்ளிவிடும். வீட்டு மெஷின் ஏழெட்டு வருஷத்தில் ஓய்ந்துபோகும், இது இருபது வருஷம் தினமும் பத்துத் தரம் ஓடினாலும் அசையாது. மனேஜரிடம் கேட்டேன். கொண்டுபோ என்றாள்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். யாரோ வெள்ளைக்காரக் கிழவிக்கு வாய்த்த மெஷின் என் அம்மாவுக்கும் வாய்க்கப் போகிறது. அதற்கு மேலே நான் யோசிக்கவில்லை. மெஷினைப் பற்றி எல்லாம் தெரிந்தவள், அது நிற்கப்போகிற வீட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து இருபத்தாறு வயதுவரை இருந்தவள் நான்.

ரேணுவுக்கு அப்போது பதினைந்து வயது. அவளுக்குத் தமிழ் புரியும், பேசும்போது சொற்கள் தட்டுப்படும். என் அம்மாவை அம்மாயி என்பாள், அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் போனை என்னிடம் தந்துவிடுவாள். மெஷினுக்குப் பெட்டி அடிக்கிற சமயத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை உங்களைத்தானே வரச் சொன்னாங்க? மெஷினை ஏன் அனுப்புறீங்க?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். அவளுக்குத் தமிழ் வராது என்பதைத்தான் எங்கள் வீட்டில் நான் எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லுவேன். அன்றைக்கும் அதையே சொன்னேன்.

கப்பலில் போய்ச் சேர மூன்று மாதம் ஆனது. சுங்கத்தில் எடுக்கக் கொழும்பில் ஒரு ஏஜென்டைப் பிடித்திருந்தேன். அவர் போன் எடுத்து, "என்ன மாதிரி மெஷினுங்க இது?" என்று கேட்டார்.

"ஹெவி டியூட்டி" என்றேன் பெருமையாக.

"டியூட்டி ஹெவியா இல்லயான்னு கஸ்டம்ஸ்காரங்கதாங்க சொல்லுவாங்க. நீங்க மெஷினு என்னன்னு சொல்லுங்க."

இதை இங்கே பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழப்பத்தில் மெஷின் துறைமுகத்திலேயே ஏழு வாரம் கிடந்தது. வீட்டுப் பாவனைக்கு என்று பத்திரத்தில் எழுதியிருந்தேன், அவர்கள் நம்பவில்லை. லோன்ட்ரிக் கடை போடப் போகிறீர்களா என்று சிவாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இல்லை சேர், எங்கம்மாவுக்கு என்றிருக்கிறான். உங்கம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவன் மூன்று தரம் கொழும்புக்குப் போய் வந்தான். ஒவ்வொரு தரமும் பேர் போட முடியாமல் ஒரு நாள் சம்பளம் போனது. நான் போனில் அவனைத்தான் ஏசினேன். "ஒரு கடுதாசிய ஒழுங்கா நெரப்பத் தெரியாதா?" என்றேன். அந்தக் கடுதாசி முழுக்கச் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்ததையும், சிங்களம் எழுதத் தெரியாவிட்டாலும் பேசியே காரியத்தை முடித்தவன் அவன் என்பதையும் நினைக்கவில்லை.

அந்த ஏழு வாரத்துக்குள்தான் தெரணியகலையில் பத்மாவின் அப்பா காலமானார். அவள் காலையில் போய், அடக்கம் முடிந்ததும் அம்மாவுக்காக அன்றைக்கே திரும்பிவிட்டாள். நான் போனில் துக்கம் விசாரித்தேன். "மெஷினு வந்துருச்சுன்னா ஒனக்கு லேசாயிரும்" என்றும் சொன்னேன். துக்கம் விசாரிக்கிற போனில்.

4

மெஷின் ஒருவழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் பாதியைத்தான் அவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

அதன் பாரம் முன்னூறு கிலோவுக்குக் கிட்ட. லொறியிலிருந்து ஒன்பது பேர் இறக்கினார்களாம். இஸ்தோப்புக் கதவுக்குள் நுழையவில்லை என்று நிலையைப் பெயர்த்தார்கள். இந்த வகை மெஷினைத் தரையோடு போல்ட் அடித்துப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் பிழிகிற வேகத்தில் மாடு மாதிரி நடந்து போகும். அதை நான்தான் சொன்னேன். லயத்துத் தரை போல்ட் தாங்காது என்று முன் காம்பராவின் தரையை உடைத்துச் சிமெந்து போட்டார்கள்.

அடுத்தது கரண்ட். அந்த மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் லைன் வேண்டும். சிவா மின்சார ஒபிசுக்குப் போனான். வீட்டு உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். லயத்துக்கு ஏது உறுதி? நாங்கள் நாலு தலைமுறையாக இருக்கிற காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அப்படியானால் தோட்டத்திலிருந்து கடிதம் கொண்டுவா என்றார்கள். தோட்ட ஒபிசில் மனேஜர் தொரையைப் பார்க்க மூன்று நாள் நின்றான். தொரை மரியாதையாகவே பேசினாராம். "லயத்துக்குள்ள த்ரீ ஃபேஸ் எடுக்க நான் கடிதம் குடுத்தா, நாளைக்கு நெருப்புப் புடிச்சா யாரு பதில் சொல்றது சிவா?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

எனக்குச் சிவா சொன்னது, "கொஞ்சம் இழுபடுது அக்கா, சரி வந்துரும்" என்பது மட்டும்தான். நான் தினமும் கேட்டேன். ஓட விட்டாச்சா? ஓட விட்டாச்சா? ஒரு வீடியோ அனுப்பேன், இங்க எல்லாரும் கேக்குறாங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தது.

5

இரண்டு நிமிஷம் ஓடுகிற வீடியோ. மெஷினின் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை விரிப்புகள் நுரையோடு சுழல்கின்றன. பக்கத்தில் பத்மா, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிச் சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாள். கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள் அம்மா. தலைவாரிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். "நல்லா இருக்கு தாயி, நல்லா இருக்கு" என்று இடது கையை ஆட்டுகிறாள். பின்னால் ஏதோ பெரிய இரைச்சல் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டதற்குத் தோட்டத்து லொறி நிற்கிறது என்றான் சிவா.

நான் அழுதேன். லோன்ட்ரியில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டினேன். மனேஜர் தன் போனுக்கு வாங்கி மேலதிகாரிகளுக்கு அனுப்பினாள். அந்த மாதம் இல்லத்தின் செய்தி மடலில் என் படத்தோடு நாலு வரி போட்டார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு விழா வந்தது. இந்த ஊரில் தமிழர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். நல்லவர்கள்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். கேகாலை என்பேன். டவுனா என்றால் ஆமாம் டவுன்தான் என்பேன். தோட்டம் என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கே சொன்னதில்லை. விழாவில் சாப்பாட்டு மேசையில் அந்த வீடியோவைக் காட்டினேன். முதல் சில வினாடிகளில் லயத்தின் தகரக் கூரையும், வரிசையாகக் கதவுகளும் தெரிந்தன. முதல் நாளே அந்தத் துண்டை வெட்டிவிட்டிருந்தேன்.

"பெத்த தாய்க்கு இப்பிடிச் செய்யிறதுக்கு ஒரு மனம் வேணும்" என்றார் ஒருவர். நான் தலை குனிந்து சிரித்தேன். எதிரே ரேணு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தத் துண்டு வெட்டுப்பட்டது தெரியும். என் போனில் வெட்டிக் கொடுத்ததே அவள்தான். ஏன் அம்மா இதை எடுக்கணும் என்று அப்போதே கேட்டாள், சொன்னதைச் செய் என்றேன். அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

6

இந்த வருஷம் ஏப்ரலில், நாலு வார லீவில் ரேணுவும் நானும் ஊருக்குப் போனோம். கணவருக்கு வேலை, அவர் வரவில்லை. வருகிறோம் என்று ஒரு வாரம் முன்னதாகத்தான் சொன்னேன். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று எண்ணம்.

இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். முன் காம்பரா முழுக்க மெஷின்தான் இருந்தது. அதன் மேலே பூப்போட்ட கர்ட்டன் துணி விரித்து, டிவியை வைத்திருந்தார்கள். சுவருக்கும் மெஷினுக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு இடம். ஜன்னலின் முக்கால் பங்கை அது மறைத்திருந்தது. பின்னாலிருந்து வந்த தடித்த வயர் எதிலும் பொருத்தப்படாமல் சுருட்டிக் கட்டிக் கிடந்தது.

"அம்மாயி எங்கே?" என்றாள் ரேணு.

அம்மா குசினியில் இருந்தாள். அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி, விறகு அடுக்கியிருந்த மூலையை ஒதுக்கிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். கூரைத் தகரம் புகையில் கறுத்திருந்தது. அங்கே ஜன்னல் கிடையாது. அம்மா என்னைப் பார்த்ததும் அழுதாள், இடது கையால் என் முகத்தைத் தடவினாள். அவள் இருமிக்கொண்டே இருந்தாள். போனில் கேட்கிற அந்த இருமலை நான் மழைக்கால இருமல் என்று நினைத்திருந்தேன்.

"முன்பக்கம் ஒழுகுது அண்ணி, அதான் இங்க போட்டோம்" என்றாள் பத்மா அவசரமாக.

ரேணு முன் காம்பராவுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பொய் சொல்லி மழுப்புகிற அளவுக்குத் தமிழ் வராது. நேராகத்தான் கேட்பாள். "அத்தை, அங்கே ஒழுகலையே. மெஷின் இருக்கிறதாலதானே அம்மாயி இங்கே?"

நான் எழுந்துபோய் மெஷினின் கதவைத் திறந்தேன். டிரம்முக்குள் மடித்து வைத்த போர்வைகள், பொலித்தீனில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் கிளினிக் கொப்பி, அரைச் சாக்கு அரிசி. எலி போகாத இடம் வீட்டிலேயே அது ஒன்றுதான்.

"எத்தன தரம் ஓடுச்சு சிவா?" என்று கேட்டேன்.

அவன் வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒரு தரம்" என்றான்.

அந்த வீடியோவுக்குத்தான். கல்யாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற ஆளிடம் கெஞ்சி ஒரு மணித்தியாலத்துக்கு வாங்கி வந்திருக்கிறார்கள். லயத்துக்குக் குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். மெஷின் இழுக்கிற வேகத்துக்கு அது காணாது என்று லயத்துச் சனம் பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து ஊற்றியிருக்கிறது. துவைத்து முடிந்ததும் மெஷின் ஒரே மூச்சில் அத்தனை சவர்க்காரத் தண்ணீரையும் வெளியே விட, அது தண்ணீர் ஓடுகிற கானை நிறைத்து, கீழே இரண்டு வீட்டுக்காரர்கள் போட்டிருந்த கீரைப் பாத்தியை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. சிவா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, புதிதாகப் பாத்தி கட்டிக் கொடுத்திருக்கிறான்.

"ஏண்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"என்னான்னு சொல்ல அக்கா? நீ அவ்வளவு சந்தோஷமா கேட்ட. நீ பேசுறப்ப எங்களுக்குப் பேச எடமே இருக்காது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

7

அடுத்த நாள் காலையிலேயே சுனில் பாஸைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். டவுனில் வயரிங் வேலை செய்கிறவர், சிவாவின் கூட்டாளி, அன்றைக்கு ஜெனரேட்டரைப் பொருத்திக் கொடுத்தவரும் அவர்தான். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேக கெதரகட்ட ஹரியன்னே நே அக்கே" என்றார். இது வீட்டுக்குச் சரிவராது என்று சிங்களத்தில் சொன்னதோடு, சிவாவிடம் இதை முதல் நாளே சொன்னேன் என்றும் சொன்னார்.

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. பத்தொன்பது வருஷமாக நான் கையாளுகிற காரணங்கள். ஒரு வீட்டில் ஒரு நாளைக்குச் சேருகிற துணி அந்த டிரம்மில் கால்வாசியைக்கூட நிரப்பாது. நிரப்பாமல் ஓட்டினால் துணி ஒரு பக்கம் ஒதுங்கி மெஷின் உதறும். தண்ணீரும் கரண்டும் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஒரே அளவு போகும். பழுதானால் திருத்துகிறவன் கொழும்பிலிருந்து வர வேண்டும். நாற்பது பேருக்குத் துவைக்கிற இடத்தில் அது தங்கம். மூன்று பேர் இருக்கிற வீட்டில் அது இடத்தை அடைக்கிற இரும்பு. இவ்வளவும் தெரிந்தவள்தான் அதைப் பெட்டி அடித்து அனுப்பினேன்.

கித்துல்கலைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதிக்குச் சுனில் பாஸ் போன் எடுத்தார். தினமும் விரிப்பு மாற்றுகிற இடம், த்ரீ ஃபேஸும் இருந்தது. மூன்றாம் நாள் லொறி வந்தது. மறுபடியும் நிலையைப் பெயர்த்தார்கள். லயத்து ஆண்கள் ஒன்பது பேர், அன்றைக்கு உள்ளே கொண்டுவந்தவர்களே, வெளியே எடுத்து லொறியில் ஏற்றினார்கள். இந்தத் தடவை நானும் நின்று பார்த்தேன். ஒருத்தருக்கு விரல் நசுங்கி ரத்தம் வந்தது. "ஒண்ணுமில்லங்க, நீங்க உள்ள போங்க" என்றார் என்னிடம். நான் சின்னப் பிள்ளையில் கூடப் படித்தவர் அவர். என்னை நீங்க என்றார்.

டவுனில் ஒரு சின்ன மெஷின் வாங்கினோம். ஒரு பக்கம் துவைக்கும், மறுபக்கம் பிழியும். வாளியால் தண்ணீர் ஊற்றலாம், சாதாரண பிளக்கில் ஓடும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். குசினிக்குப் பின்னால் வைத்தோம். பத்மா அதில் முதல் முறை விரிப்பைப் பிழிந்து எடுத்து, கையால் தொட்டுப் பார்த்து, "அட, பாதி காஞ்சே வருதே" என்றாள். கடையில் அதைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அம்மாவின் கட்டிலைத் திரும்ப ஜன்னலோரம் போட்டோம். சிமெந்து போட்ட இடம் மட்டும் காம்பராவுக்கு நடுவில் மேடாக நிற்கிறது, கட்டில் கால் அதில் ஏறி ஆடுகிறது. சிவா கீழே பலகைத் துண்டு வைத்திருக்கிறான்.

அன்றைக்குப் பின்னேரம் பீலிக்குப் பத்மாவோடு போனேன்.

"ஒங்கப்பாவுக்கு முடியாம இருந்தப்ப எனக்கு லீவு இருந்துச்சு பத்மா" என்றேன். "நான் வேற எடத்துக்குப் போனேன்."

அவள் வாளியை நிமிர்த்தி வைத்தாள். "தெரியும் அண்ணி. ரேணு போட்டோ போட்டிருந்துச்சு, கடற்கரையில. பார்த்தோம்."

"ஏதாச்சும் கேக்கக்கூடாதா?"

"கேட்டா அப்பா வந்துருவாரா?" அவள் முகத்தில் கோபம் இல்லை. வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினாள். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன்.

8

மிச்சமிருந்த நாட்களில் அம்மாவின் வேலை முழுவதையும் நானே செய்வதென்று முடிவெடுத்திருந்தேன். சோறு ஊட்டினேன், சாப்பிட்டாள். தலை வாரினேன், சந்தோஷப்பட்டாள். ரேணு பக்கத்தில் உட்கார்ந்து தன் உடைந்த தமிழில் ஏதாவது கேட்பாள், அம்மா இழுவையான பேச்சில் பதில் சொல்லுவாள். ஒருத்தி சொல்வது ஒருத்திக்குப் பாதி புரியாமலே அவர்கள் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். ஆனால் படுக்கை நனைந்தால் மட்டும் அம்மா என்னிடம் சொல்லமாட்டாள். பத்மா வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் காலை எட்டரை இருக்கும். சிவாவும் பத்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ரேணு குளிக்கப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போனபோது வாடை வந்தது. அது எனக்குப் பழகிய வாடை. தினமும் காலையில் லோன்ட்ரிக் கதவைத் திறந்தால் வருகிற வாடை. சுத்தமான விரிப்பை எடுத்து வந்தேன்.

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் படும்மா. மாத்திருவோம்."

அம்மா போர்வையின் ஓரத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பத்மா வரட்டும்."

"அவ வர பதினொரு மணியாகும்மா. அதுவரைக்கும் ஈரத்துல கெடக்குறதா?"

"வரட்டும்."

"நான் ஒன் மகதானே. எங்கிட்ட என்ன கூச்சம்?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ வெளிநாட்டுலேருந்து வந்த புள்ள. போயி ஒக்காரு தாயி. டீ குடிச்சியா?"

விரலை விடுவிக்கப் பார்த்தேன். அந்த ஒற்றைக் கையில் அவ்வளவு பலம் இருந்தது. அவள் உதடு நடுங்கியதைக் கண்டதும் விட்டுவிட்டேன். முன்பின் தெரியாத நாற்பது பேருடைய அழுக்கை இத்தனை வருஷமாகக் கையில் எடுக்கிறேன், அவர்கள் யாரும் என்னைப் பார்த்து வெட்கப்பட்டதில்லை. நான் யாரோ என்பதால். என் அம்மா வெட்கப்படுகிறாள். அவளுக்கு நான் முழுக்க யாரோவும் இல்லை, முன்னைப்போல முழுக்க மகளும் இல்லை.

சுத்தமான விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். இரண்டரை மணித்தியாலம். ரேணு வந்து என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அம்மா அசையும்போது கட்டில் சத்தம் கேட்டது.

பத்மா வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் ரப்பர் பால் காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. என் மடியில் இருந்த விரிப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு நேரே உள்ளே போய் வாசல் திரையை இழுத்துவிட்டாள். உள்ளே தாழ்ந்த குரலில் இருவரும் ஏதோ பேசினார்கள். பிறகு பத்மா கூப்பிட்டாள்.

"அண்ணி, உள்ள வாங்க. அந்தப் பக்கம் புடிங்க."

"வேணாம் பத்மா" என்றாள் அம்மா.

"அவங்க புடிக்காம நான் ஒத்தையில எப்பிடி அத்த தூக்குறது? நீங்க கண்ண மூடிக்கங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போதாதென்று இடது கையை எடுத்து முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

நாலு வருஷமாகப் பத்மா ஒற்றையாகத்தான் தூக்குகிறாள். அது அந்தக் காம்பராவில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். நான் குனிந்து அந்தப் பக்கத்தைப் பிடித்தேன்.